எந்த ஏழு

ஜூலை 8, திங்கள்

எங்கள் அனல்மின் நிலையத்தின் மூன்றாம் அலகை நேற்று நிறுத்திவிட்டார்கள். இருபத்தைந்து நாள் பராமரிப்பு. ஆகஸ்ட் இரண்டாம் தேதி மறுபடி தீ மூட்ட வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் மூன்று முறை சொன்னார்கள். காற்றாலைக் காலம் முடிந்துவிட்டால் எங்களை நிறுத்த விடமாட்டார்கள்.

அலகு ஓடும்போது இந்த நிலையத்தில் யாரும் என்னைத் தேடுவதில்லை. நின்ற மறுநாள் எல்லோருக்கும் ஜெசிந்தா என்ற பெயர் ஞாபகம் வந்துவிடும். கொதிகலனிலிருந்து டர்பைனுக்கு நீராவியைக் கொண்டுபோகும் பெருங்குழாய் ஒன்று இருக்கிறது. ஐந்நூற்று நாற்பது டிகிரி சூட்டில் முப்பத்திரண்டு வருடமாக வேலை செய்கிறது. அதில் பத்தொன்பது வெல்டு இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இன்னும் எவ்வளவு ஆயுள் என்று சொல்வது உலோக ஆய்வகத்தின் வேலை. ஆய்வகம் என்றால் நானும் ஒரு நுண்ணோக்கியும்.

இந்த முறை ஆறு இணைப்புகள் திறக்கப்படும். ஏழாம் எண் பட்டியலில் இல்லை. மூன்று வருடம் முன்பு அது நன்றாக இருப்பதாக நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாவு வாங்க மறந்துவிட்டேன். இரவுக்கு ரொட்டி.

ஜூலை 10, புதன்

ஏழாம் இணைப்பையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் தலைமைப் பொறியாளர். சந்தேகத்தால் அல்ல, பெருமைக்காக. 2017, 2021, இப்போது, மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்துத் தலைமையகத்துக்குக் காட்ட வேண்டுமாம். "பழைய குழாயை எப்படிப் பேணுகிறோம் என்பதற்கு ஏழுதான் சாட்சி" என்றார். என் மேலதிகாரி குற்றாலிங்கம் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் குனிந்து சிரித்தேன்.

வேலை நிதானமானது. வெல்டின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, வைரப் பசையால் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலம் தடவி, மறுபடி மெருகேற்றி, மறுபடி அமிலம் தடவ வேண்டும். பிறகு அசிட்டோனில் நனைத்த மெல்லிய படலத்தை அதன்மேல் ஒட்டி உரித்தால் இரும்பின் கைரேகை அதில் வந்துவிடும். அந்தப் படலத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'நகல்'. குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. நகலை எடுத்துவந்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். என் நகலில் ஒரு குமிழி இருக்காது. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. இது யாரும் படிக்கப் போகிற நோட்டு இல்லை.

2017-இல் எடுத்தவர் பாலையா சார், இப்போது ஓய்வில் இருக்கிறார். அவர் படத்தில் ஏழாம் எண்ணில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவை நுண்ணிய குழிகள், சேதத்தின் முதல் அடையாளம். 2021-இல் என் படத்தில் ஒன்றுகூட இல்லை. அவர் அமிலத்தை அதிகம் வைத்ததால் வந்த போலிக் குழிகள் என்று அப்போது நான் எழுதினேன். அப்படி நடப்பது உண்டு. அந்த அறிக்கைக்காகத்தான் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அம்மா அதை லேமினேட் செய்து பங்குச் சாமியார் வரைக்கும் காட்டிவிட்டாள்.

அவர் கோப்பில் இணைப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் புகைப்படத்தின் ஓரத்தில் ஏதோ சுருள்வில் தெரிகிறது. அது பெரிய விஷயமில்லை.

ஜூலை 12, வெள்ளி

இன்று ஏழைத் திறக்கப் போனோம். குழாயைச் சுற்றிச் சூடு காக்கும் கம்பளி இருக்கும், அதன்மேல் அலுமினியத் தகடு. இரண்டையும் பிரித்துக் கொடுப்பவர் பேச்சியம்மாள். ஒப்பந்தக்காரரிடம் பதினாறு வருடமாக வேலை செய்கிறார், என் அம்மாவைவிட நாலைந்து வயது குறைவு. சாரத்தில் எனக்கு முன்னால் ஏறி நின்றுகொண்டு, "எந்த ஏழு மேடம்? ஒங்க ஏழா, டர்பைன்காரவிய ஏழா?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முந்தாநாள் டர்பைன் பிரிவினர் 'ஏழாவதைத் திற' என்றார்களாம். இவர் கொதிகலன் பக்கத்திலிருந்து எண்ணித் திறந்திருக்கிறார். அவர்கள் வந்து திட்டிவிட்டுத் தங்கள் பக்கத்திலிருந்து எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். "ஒரே கொழாய்க்கு ரெண்டு தலை. எந்தத் தலையிலயிருந்து எண்ணுதீயன்னு எனக்கு என்ன தெரியும்?"

நானும் சிரித்தேன். கொதிகலன் பக்கத்திலிருந்து ஏழைக் காட்டினேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைவலி. காற்றில் சாம்பல் தூசி அதிகம்.

ஜூலை 13, சனி

ஆய்வகக் கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டேன். ஜன்னல் வலையைக் கழுவினேன். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்தேன். எதைப் படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. 2017 கோப்பு ஆய்வக அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறப்பது முறையல்ல.

ஜூலை 15, திங்கள்

ஏழின் நகல் வந்தது. ஒரு குழிகூட இல்லாமல் பளிங்குபோல் இருக்கிறது. குற்றாலிங்கம் சார் கைகுலுக்கினார்.

முப்பத்திரண்டு வருடம் ஓடிய இணைப்பில் ஏழு வருடம் முன்பு குழிகள் இருந்தன, இப்போது இல்லை.

புத்தகங்கள் இதை இரண்டு சொற்களில் சொல்கின்றன. ஒன்று ஊர்வு: நீண்ட காலம் சூட்டிலும் அழுத்தத்திலும் இருக்கும் எஃகு, கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்ந்த இடத்தில், துகள்களின் எல்லைகளில், குழி விழும். மற்றது அயர்வு: சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் நசுங்கும். முன்பெல்லாம் அலகை மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டினார்கள். ஊர்வு மட்டும்தான் கவலை. இப்போது வெயில் ஏறினால் சூரிய மின்சாரம் வந்துவிடுகிறது, எங்களை இறக்குகிறார்கள். பொழுது சாய்ந்தால் ஏற்றுகிறார்கள். காற்று வீசும் மாதங்களில் சில நாள் முழுக்க நிறுத்தியே வைக்கிறார்கள். ஊர்வு தோண்டிய குழியில் அயர்வு கால் வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக வருவதன் கூட்டுத்தொகையைவிட அதிகம்.

இந்த இரண்டு சொற்களுக்கும் எதிர்ச்சொல் கிடையாது. குழி விழுந்த இரும்பு குணமாகாது.

இதெல்லாம் தேர்வில் எழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நான்.

ஜூலை 16, செவ்வாய்

பத்தொன்பது இணைப்புகள். கொதிகலன் பக்கத்திலிருந்து பதின்மூன்றாவது, டர்பைன் பக்கத்திலிருந்து ஏழாவது.

பாலையா சார் எங்கள் பிரிவுக்கு வருமுன் இருபது வருடம் டர்பைனில் இருந்தவர்.

பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு பதின்மூன்றுக்குப் போனேன், சும்மா பார்க்க என்று சொல்லி. தகட்டின் மூலையைத் தூக்கி உள்ளே கம்பளியைக் கட்டியிருக்கும் கம்பியை விரலால் தடவினார். "இது நான் கட்டுனது இல்ல மேடம். எனக்கு எடக்கை. நான் முறுக்குனா இப்படித் திரும்பும்" என்று கையைச் சுழற்றிக் காட்டினார். "இது சோத்தாங்கை முறுக்கு. துருவும் ஏறிக் கெடக்கு. ஒங்களுக்கு நான் போன தடவ தொறந்தது அங்கன உள்ளது, இது இல்ல."

இணைப்புக்கு அரை அடி தள்ளிக் குழாயைத் தாங்கும் சுருள்வில் தொங்கிக்கொண்டிருந்தது. என் ஏழுக்குப் பக்கத்தில் சுருள்வில்லே கிடையாது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. டர்பைன் பக்கச் சாரத்தை வெள்ளிக்கிழமை பிரிக்கப் போகிறார்கள்.

ஜூலை 18, வியாழன்

ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சுருள்வில்லை 2021-இலேயே பார்த்தேன். பாலையா சார் எடுத்த புகைப்படம் அப்போதும் என் மேஜையில்தான் இருந்தது. இடம் வேறாக இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, இடையில் வில்லைக் கழற்றியிருப்பார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. முதல் அறிக்கை. இருபது வருடம் வேலை பார்த்தவரின் படத்தைப் போலிக்குழி என்று எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

நான் பார்த்தது வேறு இணைப்பு. சந்தேகத்துக்குரிய இணைப்பை ஏழு வருடமாக யாரும் பார்க்கவில்லை, என் அறிக்கையால் இனியும் பார்க்கமாட்டார்கள். அதன் கீழேதான் அலகை ஓட்டும் ஆபரேட்டர்கள் நடந்துபோகும் பாதை. ஒரு ஷிப்டுக்கு எட்டு முறையாவது அந்தப் பாதையில் போய் வருவார்கள்.

காலையில் குற்றாலிங்கம் சாரிடம் சொல்லிவிட்டேன். முழுக்க இல்லை. எண்ணிக்கை மாறியிருக்கலாம், பதின்மூன்றையும் திறந்து பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 2021 அறிக்கையில் என் கையெழுத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருக்கிறது. "தொறந்து பாரு. கூடுதல் ஆய்வுன்னு போட்டுக்கோ. பழசக் கெளறாண்டாம்" என்றார்.

சாரத்தை நாலு நாள் பிரிக்காமல் வைக்கச் சொல்லிவிட்டார்.

ஜூலை 20, சனி

நேற்று முழுக்கப் பதின்மூன்றை மெருகேற்றினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. ஐந்து முறை அமிலம், ஐந்து முறை மெருகு. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

நுண்ணோக்கியில் தேட வேண்டியிருக்கவில்லை. வெல்டு நன்றாகவே இருக்கிறது. அதை ஒட்டிச் சூடு பட்டு மாறிய குறுகிய பட்டையில்தான் குழிகள் இருந்தன, புள்ளிகளாக அல்ல, வரிசையாக. சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகியிருந்தன. வெளியிலிருந்து வந்த மீயொலிச் சோதனைக்காரர் அளந்து சொன்னார்: ஐம்பது மில்லிமீட்டர் தடிப்பில் ஒன்பது மில்லிமீட்டர் ஆழத்துக்கு விரிசல்.

பாலையா சாரின் குழிகள் உண்மையான குழிகள்.

எனக்கு எழுந்த முதல் உணர்ச்சியை எழுதத்தான் வேண்டும். நகல் மிக நன்றாக வந்திருந்தது. இவ்வளவு தெளிவான நகலை நான் இதற்குமுன் எடுத்ததில்லை. அதைப் பார்த்து மகிழ்ந்தேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

அம்மா போனில், திருவிழாக் கொடியேற்றத்துக்கு வருவேனா என்று கேட்டாள். வேலை என்றேன். "ஒன்ன விட்டா அங்க ஆளே இல்லையாட்டி?" என்றாள், குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 22, திங்கள்

குற்றாலிங்கம் சார் வரைவு ஒன்றைத் தயாரித்துக் கொண்டுவந்தார். பதின்மூன்றாம் இணைப்பில் விரிசல். காரணம், அண்மைக் காலத்தில் தினமும் ஏற்றி இறக்குவதால் வந்த ஊர்வு–அயர்வுச் சேதம். கூடுதல் ஆய்வில் கண்டுபிடித்தவர் ஜெசிந்தா. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. 2021 என்ற எண்தான் எங்குமே இல்லை.

"ஒனக்கு இன்னொரு கடிதம் வரும்ட்டி" என்றார். அவர் மோசமானவர் இல்லை. நான் சேர்ந்த புதிதில் சாரத்தில் ஏற என்னை விடமாட்டோம் என்றவர்களிடம் சண்டை போட்டவர் அவர். அடுத்த வருடம் ஓய்வுபெறுகிறார்.

வரைவை அறைக்குக் கொண்டுவந்து படித்தேன். படிக்கும்போது கொஞ்ச நேரம் அந்த ஜெசிந்தாவாக இருந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு தாளில் ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை எழுதி, கீழே பத்தொன்பதிலிருந்து ஒன்று வரை எழுதினேன். பத்து மட்டும்தான் பத்தின் கீழே வந்தது. மற்ற பதினெட்டுக்கும் கோப்பில் இருக்கும் பழைய கதை வேறு யாருடையதோ. இரண்டின் கதை பதினெட்டுடையது, ஐந்தின் கதை பதினைந்துடையது. நான் 2021-ஐச் சொல்லாவிட்டால் யாரும் இதைத் தேடமாட்டார்கள். நல்ல இணைப்பை அறுத்துவிட்டு மோசமானதை ஓட்டுவார்கள். மற்ற மூன்று அலகுகளிலும் கோப்புகளை எழுதியவர்கள் பாலையா சாரும் நானும்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒன்றுமில்லாத இடத்தில் அண்மையில்தான் ஒன்பது மில்லிமீட்டர் விரிசல் வந்ததுபோல் இந்த வரைவு காட்டுகிறது. அப்படியில்லை. ஏழு வருடத்துக்குமுன் குழியாக இருந்ததுதான் விரிசலாகியிருக்கிறது. இந்தப் பொய்க் கணக்கை வைத்து அடுத்தவர் ஆயுள் கணித்தால் அதுவும் தவறும்.

ஜூலை 23, செவ்வாய்

எழுதிவிட்டேன். நாலு பக்கம். முதல் வரி: "2021-இல் ஏழாம் இணைப்பு குறித்து நான் அளித்த அறிக்கை தவறு. நான் ஆய்வு செய்தது வேறு இணைப்பு." இரண்டாம் பத்தியில் சுருள்வில்லைப் பற்றி எழுதினேன். அதைப் பார்த்தும் பொருட்படுத்தவில்லை என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்து, கடைசியில் இருப்பதிலேயே குட்டையானதை வைத்துக்கொண்டேன்.

குற்றாலிங்கம் சார் நின்றுகொண்டே படித்தார். "வில்லப் பத்தி யாரும் கேக்கலையே" என்றார்.

"நான் பாத்தேன் சார்."

"சரி, பாத்த. கேக்காதத எதுக்குச் சொல்லணும்?"

"படத்துல இருக்கு சார். அடுத்தாப்ல வாரவியளும் பாத்துட்டு, எடையில கழத்திருப்பாவன்னு நெனச்சிட்டுப் போயிரக் கூடாது."

அவர் என் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைத் திருப்பித் தராமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 24, புதன்

கூட்டம். தலைமைப் பொறியாளர் முதல் வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு நிறுத்தினார். பதினோரு பேர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டர்பைன் பிரிவுக்காரர் ஒருவர், எண்ணத் தெரியாதவர்களிடம் நுண்ணோக்கியைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார். இன்னொருவர், கொதிகலன்காரர்களுக்கு எப்போதும் தாங்களே தொடக்கம் என்றார். சண்டை என்னை விட்டு எந்தப் பக்கம் ஒன்று என்பதற்குத் தாவிவிட்டது. நிலையம் திறந்த நாளிலிருந்து முடிவாகாத சண்டை அது என்று தோன்றியது.

தலைமைப் பொறியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இன்னும் எத்தனை தெறக்கணும்?"

ஆறு என்றேன், இந்த முறை திறந்த ஆறுக்கும் மறுமுனையிலிருந்து எண்ணினால் அதே எண்ணில் வருபவை. தீ மூட்டும் நாள் தள்ளிப்போகும் என்றும் சொன்னேன். என் குரல் சாதாரணமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் விளக்கம் கேட்டு மெமோ கையில் கொடுத்தார்கள். பாராட்டுக் கடிதத்தின் பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

ஜூலை 27, சனி

மெருகு. அமிலம். மெருகு.

ஜூலை 30, செவ்வாய்

ஆறில் ஐந்து நன்றாக இருக்கின்றன. பதினைந்தில் தொடக்கநிலைக் குழிகள் இருக்கின்றன, அடுத்த நிறுத்தம் வரை ஓட்டலாம், கண் வைத்திருக்க வேண்டும். பழைய கோப்பை நம்பி இந்த நிறுத்தத்தில் அறுக்கத் திட்டமிட்டிருந்த ஐந்தாம் இணைப்பில் ஒரு குறையும் இல்லை. பழியெல்லாம் பதினைந்துடையது. ஐந்து பிழைத்தது.

பதின்மூன்றை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய வளையத்தைக் கையால் தூக்க முடியாது, கிரேனில் இறக்கினார்கள். புதிய துண்டு வைத்து வெல்டு செய்யும் முன் குழாய் முனையைச் சூடாக்குகிறார்கள். வெல்டு முடிந்ததும் மின்சுருள் சுற்றி, எழுநூறு டிகிரிவரை மெல்ல ஏற்றி மெல்ல இறக்க வேண்டும். மணிக்கு இத்தனை டிகிரி என்று வரைபடத்தில் கோடு ஓடும். அந்தக் கோடு வளையாமல் இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி போனேன். போக வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். பாராட்டுக் கடிதம் இனிச் செல்லாது, மெமோ வந்திருக்கிறது, இந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது என்றெல்லாம் சொன்னேன். குழாயைப் பற்றியும் சொன்னேன். "அந்தக் கொழாய்க்குக் கீழ ஆளு நடமாட்டம் உண்டுமா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். "அப்ப எழுதினது சரி" என்றாள். பிறகு திருவிழாவில் ஐஸ்கிரீம் விலையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

புது வெல்டின் எக்ஸ்ரே சுத்தம். மின்சுருளைக் கழற்றியதும் அதன் ஓரத்தில் முதல் நகலை நான் எடுத்தேன். இனி இந்த இணைப்பின் கதை இங்கிருந்து தொடங்கும். இரண்டு முனையிலிருந்தும் தூரத்தை மீட்டரில் அளந்து எழுதினேன். எண் போடவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்றுக் காலை தீ மூட்டினார்கள், மாலைக்குள் நீராவி பதின்மூன்றைக் கடந்து டர்பைனுக்குப் போய்விட்டது. ஒன்பது நாள் தாமதம். யாரும் கைகுலுக்கவில்லை. பாதையில் நடந்துபோன ஆபரேட்டர் ஒருவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

இறுதி அறிக்கை அச்சாகி வந்தது. 'தவறு கண்டறியப்பட்ட விதம்' என்ற பகுதியில் பேச்சியம்மாள் பெயரைப் போட்டிருந்தேன். ஒப்பந்தத் தொழிலாளி பெயர் அறிக்கையில் வருவது வழக்கமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வழக்கம்தான் இல்லை, விதி இருக்கிறதா என்று கேட்டேன். விதியைத் தேடிக் களைத்து விட்டுவிட்டார்கள்.

பிரதியை எடுத்துக்கொண்டு தொழிலாளர் கொட்டகைக்குப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெயரை அச்சில் பார்த்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது.

"என்ன மேடம், மு. பேச்சியம்மாள்னு போட்டுருக்கீய?"

கேட் பாஸில் அப்படித்தான் இருந்தது என்றேன்.

"கேட் பாஸ்ல காண்ட்ராக்டரு எழுதுனது. மு எங்க வீட்டுக்காரரு. எங்கய்யா பேரு சுப்பையா. கொழாயப் பாத்தது எங்க வீட்டுக்காரரா, நானா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். கோப்பில் இருந்த மூலப் பிரதியை வாங்கி, 'மு'வை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே 'சு' என்று எழுதினேன். ஓரத்தில் என் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். எழுத்தர் எட்டிப் பார்த்து, அச்சான அறிக்கையில் அடித்தல் இருந்தால் அசிங்கமாக இருக்குமே, வேறு பக்கம் அச்சிட்டுத் தரட்டுமா என்றார். வேண்டாம், அடித்தது தெரியட்டும் என்றேன்.